இருமலை வாங்கிக்கொண்ட ஜினியா

தை பிறந்து ஒன்பதாம் நாள், காலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, சிமென்ட் ஆலைக் குடியிருப்பின் கடைசி வரிசையில் கோசலை வளர்த்த ஜினியாச் செடிகளில் ஒன்று இருமியது. அவள் அப்போது குளியலறைத் தண்ணீர் வெளியே ஓடும் வாய்க்கால் ஓரம் குத்தவைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இருமியது ஒரு சிவப்புப் பூ. ஆனால் அது ஓர் ஆணின் இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் உரசி, தொண்டையில் கல்லைப் போல் சிக்கி, கடைசியில் மெல்லிய விசிலாக முடியும் இருமல். அந்த விசிலை அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் பூவைப் பார்க்காமல் வீட்டுக்குள்தான் எட்டிப் பார்த்தாள். உள்ளே அவள் கணவன் கொளஞ்சிநாதன் கட்டிலில் மல்லாந்து, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மல்லாந்து தூங்கிக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

கொளஞ்சி ஆலையில் மூட்டை பிடிப்பவன். இயந்திரத்தின் மூக்கில் காலிப் பையை மாட்டி, அது நிறைந்து விழுவதற்குள் அடுத்த பையை மாட்டி, விழுந்ததன் புழுதி அடங்குவதற்குள் இன்னொன்றை மாட்டி, அப்படியே பதினாறு வருடம். அந்தக் குடியிருப்பில் எல்லா ஆண்களும் இருமினார்கள். தெருவில் போகிறவர்கள் சத்தத்தைக் கேட்டே இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கொளஞ்சிக்கு ஒரு மழைக்காலத்தில் வந்த இருமல் மழையோடு போகவில்லை. மடியில் தலையணை வைத்து அதன்மேல் கவிழ்ந்துதான் அவனால் கண்ணயர முடிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கோசலையிடம், "மருந்து எழுதித் தர்றேம்மா. ஆனா அது வேல செய்யறதுக்கு உள்ள எடம் இருக்கணும்ல?" என்றார்.

"எவ்வளவு நாளுங்க?"

"அடுத்த மழ வரைக்கும் பாத்துக்கங்க."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தூதுவளை, ஆடாதொடை, ஆவி பிடிப்பது, நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தாள். எதுவும் கைகொடுக்காத நாட்களில் செடிகளைப் பார்த்தாள். அந்த மண்ணில் ரோஜா வரவில்லை; செவ்வந்தி மொட்டிலேயே வெளுத்துப் போனது; முல்லைக் கொடி ஒரு மாதம் படர்ந்துவிட்டு ஒரு வாரத்தில் கருகியது. மாற்றலாகிப் போன இன்ஜினியர் ஒருவரின் மனைவி, கிளம்பும்போது விட்டுச் சென்ற காகிதப் பொட்டலத்தில் அம்பு முனை போன்ற பழுப்பு விதைகள் இருந்தன. கார்த்திகையில் அவள் அவற்றை ஊன்றினாள். நாலாம் நாள் முளைத்தன. ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டாள், பக்கம் பக்கமாகக் கிளைத்தன. தை பிறக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ் என்று பன்னிரண்டு செடிகள், வாய்க்கால் ஓரம், யாருக்கும் பயப்படாமல் நின்றன.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் எல்லோரும் வாளியும் செம்புமாக வெளியே வந்து இலை கழுவுவார்கள். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, துளசி எதுவானாலும் தலையோடு தண்ணீர் ஊற்றி, அன்றைய வெள்ளைப் புழுதி வழிந்தோடும்வரை கழுவுவார்கள். பகலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும் தெரு அந்த ஒரு மணி நேரம் பச்சையாக இருக்கும். எந்த வீட்டுச் செடி கழுவப்படவில்லையோ அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கோசலை ஒரு நாளும் தவறியதில்லை.

இருமிய பூ பொழுது சாய்வதற்குள் ஓரத்திலிருந்து வெளுத்து, சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டது. அவள் அதை இரண்டு இலைக்கு மேலாகக் கிள்ளி எறிந்தாள். கிள்ளிய இடத்தில் மறு வாரமே இரண்டு மொட்டு வந்தது. அதற்குள் மற்றப் பூக்களும் இருமத் தொடங்கியிருந்தன. வெளுத்ததைக் கிள்ளுவதும், கிள்ளிய இடத்தில் மொட்டு வருவதும், மொட்டு விரிந்து இருமுவதும் ஒரு சக்கரம் போலச் சுற்ற, வீட்டுக்குள் கொளஞ்சி எழுந்து நடந்தான், சட்டை போட்டான், வாசலில் நின்று பீடி குடிக்கிறவனை வேடிக்கை பார்த்தான், ஒரு நாள் சிரித்தான்.

பக்கத்து வீட்டுப் பிலோமினாதான் முதலில் கேட்டது. அவள் கோசலையைவிடப் பத்து வயது மூத்தவள். மூத்தவள் என்பதால் எதைக் கேட்டாலும் முதலில் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் கேட்பாள்.

"ஏன்டி கோசல, காலையிலேருந்து உன் பூவு இருமிக்கிட்டே கெடக்குதே, வெந்நி கிந்நி வச்சுக் குடுத்தியா?"

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். அந்த ஆரஞ்சு கலரு இருக்குல்ல, அதான் ராத்திரி டூட்டிக்காரன் மாதிரி ரொம்ப இருமுது. அதுக்கு ஒரு நாளு லீவு குடு."

குடியிருப்பு மூன்று நாளில் பழகிக்கொண்டது. பிள்ளையார் கோவில் குருக்கள் இருமுகிற பூ பூசைக்கு ஆகாது என்றார். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வேலி அருகே நின்று பூவைப் போலவே இருமிக் காட்டி, பூ பதில் சொல்கிறதா என்று காத்திருந்துவிட்டுப் போனார்கள். ஆலையின் நல அலுவலர் சைக்கிளில் வந்து பார்த்து, ஓசை எழுப்பும் செடிகள் வளர்ப்போர் முன் அனுமதி பெற வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். அதன்மேல் இரண்டே நாளில் புழுதி படிந்து எழுத்து மறைந்தது. வருடாந்திர மருத்துவச் சோதனையில் கொளஞ்சியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட ஆலை டாக்டர், பச்சைப் பேனாவால் தகுதி என்று எழுதினார்.

தகுதி என்று எழுதியதும் கொளஞ்சி ஒன்றுக்கு இரண்டாக ஷிஃப்ட் பார்க்க ஆரம்பித்தான்.

"மறுபடியும் அந்தப் புழுதிக்குள்ளயா போறீங்க?" என்று கோசலை கேட்டாள். "வேற எடம் கேளுங்களேன். கேட் டூட்டி கேளுங்க."

"தகுதின்னு எழுதிட்டாங்க. இனிமே எந்த வாயால கேட் டூட்டி கேக்கறது?" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூச்சு இருக்கு கோசல. நல்லா இருக்கு. இருக்கறப்பவே ஓடிப் பாத்துக்கறேனே" என்றான்.

அவன் ஓடினான். பூக்கள் இரண்டு ஆளுக்கு இருமின. காலையில் விரிந்தது மத்தியானமே வெளுத்தது. அவள் விரல் நுனிகள் கிள்ளிக் கிள்ளிப் பச்சையாகவே இருந்தன.

அதற்குப் பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியும் கையில் ஏதோ ஒன்றைக் கொண்டு வந்தாள். ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்பு, நாலு முருங்கைக்காய், குழந்தைக்குத் தைத்து மிஞ்சிய துணி. ஒவ்வொருத்தியும் வேறு எதையோ பேசிவிட்டுக் கடைசியில், செருப்பை மாட்டிக்கொண்டே, "வெத ஏதும் விழுந்தா எனக்கு ரெண்டு எடுத்து வை தாயி" என்றாள். பதினொரு வீட்டிலிருந்து வந்தார்கள். பிலோமினா மட்டும் வரவில்லை. ஆனால் அவள் புருசன் சவரிமுத்துவின் இருமல் சுவரைத் தாண்டி வந்தது. அதில் விசில் கூட இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போலிருந்தது.

கோசலை ஒரு நாள் துணிந்தாள். பன்னிரண்டில் பெரிய செடியில், நன்றாகப் பருத்த ரோஸ் பூ ஒன்றைக் கிள்ளாமல் விட்டாள். பூவைச் செடியிலேயே காய விட்டால்தான் விதை. அதற்கு முப்பது நாள் ஆகும். கிள்ளாமல் விட்ட மறு நாள் அந்தச் செடி மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. அதன் மற்ற ஏழு பூக்களும் ஒரு சத்தம் இல்லாமல், கர்ப்பிணிகள் போலத் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டு நின்றன. அன்று கொளஞ்சி சாப்பாட்டுத் தட்டின்மேல் கவிழ்ந்து இருமினான். சோறு முழுதும் சிவப்புப் புள்ளி. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

அவள் எழுந்து போய் ரோஸ் பூவைக் கிள்ளினாள். தட்டிலிருந்து எடுத்த கை, சோற்றுப் பருக்கை ஒட்டிய கை. மத்தியானத்துக்குள் செடி மறுபடியும் இருமியது. கிள்ளிவிட்டு நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா வாளியோடு நின்றிருந்தாள். கோசலை எதை விட்டுவைத்தாள், எதைக் கிள்ளினாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "வெயிலு ஏறிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிலோமினா உள்ளே போய்விட்டாள்.

மற்றவர்கள் அப்படி விடவில்லை. குழாயடியில் முன் வரிசை வீட்டு வனமயில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவ புருசன் மூச்சு தங்கத்துல செஞ்சது, நம்ம ஆளுங்க மூச்சு தகரம். தகரம் துருப்புடிச்சாத்தான் என்ன?" கோசலை குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.  வனமயில் சொன்னது பொய்யாக இருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள்.

மாசிப் பனி இறங்கும் ஒரு விடியலில் சவரிமுத்து இறந்துபோனான். காரியமெல்லாம் முடிந்த எட்டாம் நாள், பிலோமினா தானாகவே வந்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தாள். பூக்கள் அவர்களைச் சுற்றி இருமிக்கொண்டிருந்தன. 

"அக்கா, அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் வுடு. நல்லாக் கிள்ளு. என் வூட்டுக்குத்தான் இனிமே வேணாமே."

இப்படிச் சொல்லிவிட்டு அவள் தன் கையாலேயே வெளுத்த பூ ஒன்றைக் கிள்ளிக் கோசலையின் மடியில் போட்டாள்.

பங்குனியில் செடிகள் சோர்ந்தன. இலை முழுதும் வெள்ளை. புழுதி கூடிவிட்டது என்று நினைத்துக் கோசலை சாயங்காலம் ஒரு தரம் கழுவியதை விடியலிலும் கழுவினாள். இரண்டு தரம் மூன்று தரமாயிற்று. தலையோடு, இலையோடு, செம்பு செம்பாக ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வெள்ளை கூடியது. மொட்டுகள் சுண்டைக்காய் அளவிலேயே நின்றன. கடைசியில் ஒரு நாள், கழுவி முடித்த இலையைக் கட்டை விரலால் துடைத்தாள். வெள்ளை போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். மாவு போல் விரலில் ஒட்டியது. முகர்ந்தால் பழைய மழைச் சாக்கின் வாசனை. அது புழுதி இல்லை. ஈரத்தில் வளரும் சாம்பல் நோய். வேறு எந்த ஊராக இருந்தாலும் பச்சை இலையில் முதல் பொட்டு விழுந்த அன்றே கண்ணில் பட்டிருக்கும். வெள்ளையையே பார்த்துப் பழகிய கண் வெள்ளைக்குள் வெள்ளையைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் தன் கையாலேயே அதற்குத் தண்ணீர் வார்த்து வளர்த்திருக்கிறாள். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்திலேயே அழுதாள்.

சித்திரை பிறந்தபோது ஒரே ஒரு செடி மிஞ்சியது. அதில் மூன்று பூ. நடுவில் பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னது இரண்டு. கிள்ளிக்கொண்டே போனால் பத்து நாளைக்கு இருமும். பிறகு சாம்பல் அதையும் தின்றுவிடும், அதோடு சரி, எவருக்கும் ஒரு விதைகூட இராது, கொளஞ்சிக்கும் இராது. பெரிய பூவை விட்டுவைத்தால் முப்பது நாளில் விதை. விதை ஊன்றி அறுபது நாளில் பூ. அத்தனை நாளையும் அவன் தன் நெஞ்சாலேயே கடக்க வேண்டும். அவள் அவனிடம் சொன்னாள். அவன் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தபடி, "கடந்துடலாம்" என்றான். மறு நாள் அவள் கிள்ளவில்லை.

தெருவுக்கு ஒருவரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் மறு நாள் காலைச் சங்கு ஊதியதும் பிலோமினாவும் இன்னும் மூன்று பேரும் பழைய போர்வையோடு வந்து நின்றார்கள். செடிக்கு மேல் நாலு மூலையையும் பிடித்துப் புழுதி விழாமல் மறைத்தார்கள். இலையைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார்கள். தண்ணீரை டம்ளரில் மொண்டு வேரில் மட்டும் விட்டார்கள். ரெண்டு மணிச் சங்குக்கு அடுத்த நாலு பேர் வந்தார்கள். ஆண்களைப் போலவே ஷிஃப்ட் வைத்துக்கொண்டார்கள். வனமயிலும் வந்தாள். "கையி வலிக்குதுன்னு எவளாச்சும் சொன்னீங்க, பாத்துக்கங்க" என்று மிரட்டிவிட்டு முதலில் அவளே கையை மாற்றிக்கொண்டாள்.

உள்ளே கொளஞ்சி இருமினான். மூன்று மாதமாகப் பூக்களிடம் போயிருந்தது எல்லாம் திரும்பி வந்தது. எட்டாம் நாள் படுக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் உட்கார முடியவில்லை. கோசலை அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் மார்பில் ஏந்திக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கோசல. கிள்ளிடேன்."

"இன்னும் பதினோரு நாளுதாங்க."

"முடியல. கிள்ளிடு. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு தூங்கறேன். அப்பறம் என்ன வேணா ஆவட்டும். கிள்ளிடு சாமி."

பதினாறு வருடத்தில் ஒரு தரம்கூட மேஸ்திரியிடம் தண்ணீர் இடைவேளை கேட்காதவன் அவன். அவளைச் சாமி என்று கூப்பிட்டதும் இதுதான் முதல் தடவை. கோசலை அவனைத் தலையணையில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வெயிலில் போர்வையின் கீழே நிழல் சதுரமாக விழுந்திருந்தது. நடுப் பூ ஈரம் வற்றிப் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. சின்னப் பூக்கள் இரண்டும் பேசாமல் நின்றன. அவள் குனிந்து பெரிய பூவின் காம்பில் இரண்டு விரலை வைத்தாள். எப்போதும் வைக்கும் இடம், இரண்டு இலைக்கு மேலே. ஒரு அழுத்து போதும். போர்வை பிடித்திருந்த நாலு பேரில் வனமயில் கண்ணை மூடிக்கொண்டாள். பிலோமினா முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள், கோசலை கிள்ளினால் அதைத் தான் பார்த்ததாக இருக்க வேண்டாம் என்பது போல. உள்ளேயிருந்து அவன் இருமினான். விசில் வரவேண்டிய இடத்தில் விசில் வரவில்லை.

கோசலை விரலை எடுத்தாள்.

உள்ளே போய் முன்பு போலவே அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, அவன் காதருகே, "கிள்ளிட்டேங்க" என்றாள்.

"கிள்ளிட்டியா?"

"ஆமா."

"சத்தத்தக் காணுமே."

 "இப்ப இருமும்" என்றாள். "கொஞ்சம் பொறுங்க. இப்ப இருமும்."

ஜன்னல் திறந்திருந்தது. வெளியே அமைதியாக இருந்தது; ஆலையின் உறுமல் மட்டும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பிடித்த மூச்சு உள்ளே நடுங்குவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்போது வாய்க்கால் ஓரத்திலிருந்து ஓர் இருமல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் உரசி, தொண்டையில் சிக்கி, விசிலாக முடிந்தது. அது பிலோமினாவின் இருமல். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கொளஞ்சியின் இருமலை இரண்டு வருடம் கேட்டவள் அதில் ஒரு இழை குறையாமல் இருமினாள். அதைத் தொடர்ந்து வனமயில், அவளைத் தொடர்ந்து மற்ற இரண்டு பேர். பூக்கள் இருமுவது போலவே ஒன்று மாற்றி ஒன்றாக, ஒன்று ஓய்கையில் மற்றொன்றாக.

"இருமுது" என்றான் கொளஞ்சி.

"ஆமாங்க. இருமுது."

அவன் தோள்கள் இறங்கின. தலை பின்னால் சாய்ந்து அவள் கழுத்தில் பொருந்தியது. நெஞ்சில் ஒரு தரம் இருமல் ஏறியதை அவள் உணர்ந்தாள். அவன் அதை விழுங்கிக்கொண்டான், பூ இருமுகிறபோது தான் இருமக் கூடாது என்பது போல. பிறகு இன்னொன்று, அதையும் விழுங்கினான். பிறகு வருவது குறைந்தது. வெளியே இருமல் இடைவிடாமல் கேட்டது. அவள் அவன் முதுகை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். எந்தத் தடவலில் அவன் முதுகு தன் கைக்குக் கீழே முழுதாக அடங்கியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தடவுவதை நிறுத்தவில்லை.

ரெண்டு மணிச் சங்கு ஊதியது. போர்வை கைமாறும் சத்தம் கேட்டது. பிலோமினா தொண்டை கட்டிய குரலில் புதிதாக வந்தவர்களிடம், "இருமுங்கடி. நடுவுல நிறுத்தக் கூடாது. உள்ள அவன் தூங்கறான்" என்று சொன்னாள்.

புதிய குரல்கள் முதலில் தயங்கி, பிறகு இருமத் தொடங்கின. எழுந்து போய் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று கோசலைக்குத் தெரியும். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அவள் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் காதை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.